ஆத்தாளின் உத்தரவு

எனக்கு முன்னால் பதினோரு பேர் நிற்கிறார்கள். இல்லை, அந்தக் குடைக்கார அம்மாள் வரிசையில் இல்லை, வெயிலுக்கு ஒதுங்கியிருக்கிறாள், ஆகவே பத்து. பத்துப் பெற்றோர், பத்துப் பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு ஊசி குத்த ஒரு நிமிடம் போதும். ஆனால் ஒவ்வொரு தகப்பனும் மேசைக்கு முன்னால் போனதும் மூன்று வாரமாகப் போனில் படித்ததையெல்லாம் நர்சிடம் ஒப்பித்துவிட்டுத்தான் பிள்ளையின் சட்டைக் கையை மடித்துவிடுகிறான், ஆகவே ஐந்து நிமிடம் என்று வைத்தால் ஐம்பது நிமிடம். மணி பத்தே கால். பதினொன்று ஐந்துக்கு எங்கள் முறை வரும். அதுவரை இந்தத் தாழ்வாரத்தில், எட்டாம் வகுப்பு 'அ' பிரிவின் வாசலில், இந்த மனிதர்களின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முதுகுகள்கூடப் பரவாயில்லை, வாய்தான் சகிக்கவில்லை. கோபிகா தூணில் சாய்ந்து நின்று தோழி ஒருத்திக்குக் கையசைக்கிறாள். என் தங்கை. பதின்மூன்று வயது. அம்மா மில்லுக்குப் போய்விட்டதாலும் அப்பா லோடு ஆட்டோவில் சாத்தூர் வரைக்கும் போயிருப்பதாலும் வீட்டுப் பெரியவளாக நான் வந்திருக்கிறேன். பன்னிரண்டு வயதிலிருந்து பதினான்கு வரைக்கும் கொரோனா தடுப்பூசி, இன்று மட்டும் பள்ளியில் முகாம், பெற்றோரின் சம்மதக் கடிதம் கட்டாயம். கடிதம் என் கையில் இருக்கிறது. நான்தான் நிரப்பினேன், எங்கள் வீட்டில் எந்தத் தாளையும் நான்தான் நிரப்புவேன். கீழே அம்மாவின் கையெழுத்து, 'பஞ்சவர்ணம்' என்று, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, மழையில் நனைந்த காக்கைகள் கம்பியில் உட்கார்ந்திருப்பது மாதிரி. எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது, ஏழாவதைத் தவிர. ஏழாவது கட்டம் என்ன கேட்கிறது என்பதை நான் இப்போது நினைக்கப் போவதில்லை. அந்தக் கட்டம் வெளியே தெரியாதபடி தாளை மடித்து வைத்திருக்கிறேன், ஏனென்றால் எனக்குப் பின்னால் நிற்பவர் தவமணி அண்ணாச்சி.

தவமணி அண்ணாச்சி எங்கள் தெரு. இன்சூரன்ஸ் ஏஜென்ட். மனிதர்கள் எப்படியெல்லாம் சாகக்கூடும் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிச் சாப்பிடுகிறவர். தன் மகளைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்திவிட்டு, ஊசி போடக் கூடாது என்பதற்கான காரணங்களை வரிசைக்கே எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "எல்லாம் கம்பெனிக்காரன் வேவாரம்மா. பெரிய ஆளுகளுக்குப் போட்டு மிச்சப்பட்டத இப்பப் பிள்ளைகளுக்குத் தள்ளிவிடுறான்." முன்னால் நிற்கும் அம்மாள் ஒருத்தி திரும்பி, குரலைத் தணித்து, "பொம்பளப் பிள்ளைகளுக்குப் போட்டா பின்னால குழந்தை தங்காதுன்னு சொல்லுதாகளே, நெசமாண்ணே?" என்கிறாள். அண்ணாச்சி கண்ணை மூடித் திறக்கிறார், பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவரைப் போல. "சொல்லுதாக. நம்ம என்னத்தக் கண்டோம்." நம்ம என்னத்தக் கண்டோம். இந்த மூன்று சொற்களுக்காகவே இவரை வெயிலில் நிறுத்தலாம். ஒன்றையும் காணாதவர் ஏன் பேச வேண்டும்? "நீங்க போட்டிருக்கீகளா அண்ணாச்சி?" என்று அந்த அம்மாள் கேட்க, "ரெண்டு ஊசியும் போட்டாச்சு, இல்லேன்னா ஆபீஸ்ல உள்ள விடமாட்டேங்கானே" என்கிறார், வெட்கமே இல்லாமல். தன் உடம்புக்குள் போன வேவாரம் பரவாயில்லை. அப்புறம் ஏன் இங்கே நிற்கிறார்? வகுப்பாசிரியை மூன்று தடவை போன் செய்தாராம், எட்டாம் வகுப்பு மட்டும் நூறு சதவீதம் வரவில்லை என்று. அந்த அம்மையாருக்குப் பிள்ளையும் தெரியாது, நோயும் தெரியாது, சதவீதம் தெரியும். அறிவியல் வாத்தியார் இன்னும் மேல். போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் யாரோ எழுந்து, "சார், நீங்க சயின்ஸு, நீங்களே சொல்லுங்க, போடலாமா வேண்டாமா?" என்று கேட்டபோது, மனிதர் சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டு, "அது உங்க இஷ்டம், நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். இருபது வருடமாகத் தடுப்பு மருந்தைப் பற்றிப் பாடம் நடத்தி, கேள்வி எழுதி, மார்க் போட்ட ஆள். நான் ஒன்றும் சொல்ல முடியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுபோனது, ஏனென்றால் நானும் வீட்டில் அம்மாவிடம் அதையேதான் சொல்லியிருந்தேன், அதே சொற்களில். அது உங்க இஷ்டம்மா, நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனால் எனக்குக் காரணம் இருந்தது. அவருக்கும் ஏதாவது இருக்கலாம். இல்லை, அவருக்கு இருக்காது, அவருடைய முகத்தில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஒன்பது பேர். வெயில் தாழ்வாரத்தின் இரண்டாவது சதுரக் கல்லுக்கு ஏறிவிட்டது. எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். அதற்கு அரசாங்கச் சான்றிதழே இருக்கிறது, முதல் பட்டதாரி என்று தாசில்தார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. விலங்கியல். எங்கள் தெருவுக்கு விலங்கியல் என்றால் பாதி டாக்டர். சர்க்கரைச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள், ஸ்கேன் படத்தைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடிப்பார்கள். நான் படித்தது கரப்பான் பூச்சியின் உணவுக்குழாய். அதையும் முழுசாகப் படிக்கவில்லை. இரண்டாம் வருடம் பாதியில் கல்லூரியை மூடினார்கள், அந்தப் பருவத்துக்கு எல்லாருக்கும் தேர்ச்சி. மூன்றாம் வருடம் செய்முறை வகுப்பு போனில். மேடம் தன் வீட்டுச் சமையல்மேடையில் ஒரு தவளையின் படத்தை வைத்துக்கொண்டு விளக்குவார், பின்னால் குக்கர் விசில் அடிக்கும். கடைசிப் பரீட்சையைக் கட்டிலில் சம்மணம் போட்டு, புத்தகத்தை மடியில் விரித்து வைத்து எழுதினேன், எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள், எண்பத்து மூன்று சதவீதம். வேலை கேட்டுப் போன இடத்தில் ஒரு மனிதர் சான்றிதழில் வருடத்தைப் பார்த்து, "ஓ, கொரோனா பேட்சா" என்று புன்னகைத்தார். எனக்குப் பட்டம் கொடுத்ததே கொரோனாதான். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு கொரோனாவைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒரு தடவை சொன்னேன். குருவம்மா பெரியம்மாவுக்கு. அம்மாவின் அக்கா. போன வருடம் ஏப்ரலில், எனக்கு ஊசியெல்லாம் வேண்டாம்டி என்றவளை நான்தான் உட்கார்த்திவைத்து நோட்டில் படம் போட்டு விளக்கி, டவுன் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், சேலைத் தலைப்பை விலக்கி, தோளைக் காட்டச் சொன்னேன். "ஏட்டி, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு" என்று சிரித்தாள். முதல் ஊசி. ஒன்பது நாள் கழித்துக் கொழுந்தன் மகள் சடங்குக்குப் போனாள். இருநூறு பேர், ஒரே கூரை, பந்தி பந்தியாகச் சாப்பாடு, முகக்கவசம் தாடையில். அங்கேயிருந்து வந்த நாலாம் நாள் காய்ச்சல். மே மாதம் ஏழாம் தேதி ஆள் இல்லை. பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்தார்கள், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இருநூறு பேர் சாப்பிட்ட பந்தியை இன்று வரைக்கும் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊசி போட்டுப் போனவள் என்றார்கள். படிச்ச பிள்ளை பேச்சைக் கேட்டுப் போனவள் என்று, எனக்கு முன்னாலேயே, எனக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே சொன்னார்கள். எவ்வளவு பெரிய மூடர்கள். ஒரு ஊசி முழுப் பாதுகாப்பு இல்லை என்று நான் படம் போட்டபோதே சொல்லியிருந்தேன். சொல்லியிருந்தேனா? சொல்லியிருப்பேன். அந்த நோட்டு இருக்கிறது, ஆனால் அதைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சொல்லியிருந்தால் பந்திக்குப் போயிருக்க மாட்டாளோ என்ற கேள்வி அந்த நோட்டுக்குள் இருக்கிறது.

ஏழு பேர். "ஏக்கா, ஊசி பெருசா இருக்குமா?" என்கிறாள் கோபிகா. "கொசு கடிச்ச மாதிரி இருக்கும்." "நீ போட்டப்ப அழுதியாமே, அம்மா சொன்னா." "அம்மா சொல்லுவா. வாயை மூடு." கொசு என்றேன், எறும்பு என்று சொல்ல வாய் வரவில்லை. பிள்ளையின் உள்ளங்கை வேர்த்திருக்கிறது. அந்தக் கை. அதே கைதான், ஒன்றரை வயதில், என் கைக்குள் அடங்கும் அளவில். எனக்கு அப்போது பத்து வயது. காலையில் அங்கன்வாடியில் தொடையில் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள், பொழுது சாயும்போது உடம்பு கொதித்தது, பிறகு சட்டென்று கண் மேலே போய்விட்டது. வெள்ளை மட்டும் தெரிந்தது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, வாய் ஒரு பக்கமாகப் போனது. அம்மா சத்தம் போடவில்லை, அதுதான் பயம். பீரோச் சாவிக் கொத்தைப் பிடுங்கி என்னிடம் கொடுத்து, "இரும்ப அவ கைல வச்சு அமுக்கிப் பிடி, விட்றாத" என்றாள். நான் அமுக்கிப் பிடித்தேன். சாவியின் பல் என் உள்ளங்கையில்தான் பதிந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, இரண்டு நிமிடமாக இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், காய்ச்சலுக்கு வருவதுதான், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்கள். அதற்கப்புறம் ஒரு தடவைகூட வந்ததில்லை. ஆனால் அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. அம்மா 'அது' என்பாள். 'அவளுக்கு அது வந்துச்சுல்ல, அப்ப'. பெண் பிள்ளை, வெளியே தெரிந்தால் நாளைக்கு எவன் கட்டுவான். கோபிகாவிடமே சொன்னதில்லை. ஏழாவது கட்டம் அதைத்தான் கேட்கிறது. இதற்கு முன் வலிப்பு வந்ததுண்டா, ஆம், இல்லை. நேற்றுச் சாயங்காலம் பேனாவை அந்தக் கட்டத்துக்கு மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'இல்லை' என்று எழுத எனக்குக் கை வரவில்லை, பொய். 'ஆம்' என்று எழுதினால் தாளை வாங்குகிற டீச்சர் படிப்பாள், அவள் பக்கத்து டீச்சருக்குச் சொல்வாள். அப்படியே விட்டுவிட்டேன். காலியாக விடுவது பொய் ஆகாது என்று நினைத்தேன். இது தவமணி அண்ணாச்சியின் மூளையில் உதிக்க வேண்டிய யோசனை.

வீட்டில் முடிவெடுத்த லட்சணத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது. மூன்று வாரம். அப்பா டீக்கடையில் கேட்டார், பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவிடம் கேட்டார், சுமை ஏற்றுகிற ஆட்களிடம் கேட்டார், எல்லாரிடமும் கேட்டுவிட்டு வந்து, "ஒங்கம்மா என்ன சொல்றாளோ அதான்" என்றார். அம்மா, "பெத்த தகப்பன் அவரு, அவருகிட்டக் கேளு" என்றாள். இரண்டு பேரும் சட்னிக்கு உப்பு போதுமா என்று கேட்டால்கூட இப்படித்தான் பதில் சொல்வார்கள். ஒரு பிள்ளையின் உயிரைப் பந்து மாதிரி ஆளுக்கொரு பக்கம் தட்டிக்கொண்டே இருந்தார்கள், கீழே விழும்போது தன் காலடியில் விழக் கூடாது, அவ்வளவுதான் கவலை. போட்டு அது திரும்ப வந்தால்? போடாமல் நோய் வந்து பெரியம்மா மாதிரி ஆனால்? இரண்டு பயமும் ஒரே எடை. அம்மா ராத்திரி ஷிப்டு மாறி வந்த அன்றைக்கு மட்டும் என்னைப் பார்த்து, "நீ என்னடி சொல்ற?" என்றாள். ஒரே ஒரு தடவை. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அது உங்க இஷ்டம்மா" என்றேன். அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். பிறகு, "அப்ப ஆத்தாகிட்டக் கேட்டுருவம்" என்றாள். பூக்கட்டிப் பார்ப்பது. எங்கள் ஆட்கள் எதையும் இப்படித்தான் முடிப்பார்கள். லோடு ஆட்டோ வாங்கியது இப்படித்தான், பெரியம்மா மகளுக்கு மாப்பிள்ளை நிச்சயித்தது இப்படித்தான். சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று, இரண்டையும் தனித்தனித் தாளில் ஒரே மாதிரி மடித்துக் கட்டி மாரியம்மன் காலடியில் போட வேண்டும், சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். சிவப்பு வந்தால் செய், வெள்ளை வந்தால் விடு. ஆத்தாளுக்கு நுண்ணுயிரியல் தெரியும் என்பது இவர்கள் நம்பிக்கை. பட்டம் இல்லாமலே. இன்று காலை ஆறு மணிக்குக் கோயிலில், குளித்த ஈரத் தலையோடு, அம்மா பூவையும் தாளையும் என் கையில் கொடுத்தாள். "நீ கட்டு. எங்களுக்கு ஆசை ஒரு பக்கம் சாஞ்சிருக்கும். ஒனக்குத்தான் ரெண்டும் ஒண்ணு. நீ பொய் சொல்லமாட்ட." பூசாரி மணியை எடுக்கத் திரும்பினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தட்டில் சிவப்பு அரளி நிறையக் கிடந்தது. நான் இரண்டு பொட்டலத்திலும் சிவப்பை வைத்துக் கட்டினேன்.

ஐந்து பேர். இதை மனதுக்குள்கூட இப்போதுதான் முழு வாக்கியமாகச் சொல்கிறேன். இரண்டிலும் சிவப்பு. வெள்ளைப் பூவைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன், வீட்டுக்கு வரும் வழியில் சாக்கடையில் போட்டேன். கோபிகா குனிந்து ஒன்றை எடுத்தாள், நாக்கைத் துருத்திக்கொண்டு, ஏதோ பரிசுச் சீட்டு மாதிரி. அம்மா பிரித்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உத்தரவு கொடுத்துட்டா" என்று சொல்லி, அங்கேயே, உண்டியல் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய முகத்தில் மூன்று வாரமாக இருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போனதை நான் பார்த்தேன், பார்த்து, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவள்மேல் வெறுப்பு வந்தது. இவ்வளவு சுலபமா? ஒரு அரளிப் பூ போதுமா? நான் நோட்டில் படம் போட்டால் கொலைகாரி, பூவைக் காட்டினால் உத்தரவு. அந்த வெறுப்பு நல்ல சூடாக இருந்தது, தெரு முனை வரைக்கும் தாங்கியது. அப்புறம் ஒரு எண்ணம் வந்தது, அப்போதிலிருந்து அது போகவில்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் அம்மா ஆத்தாளைத் திட்டுவாள். மண்ணை வாரித் தூற்றுவாள். என்னை ஒன்றும் சொல்லமாட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுப்பேன். நன்றாக யோசித்துத்தான் கட்டியிருக்கிறேன். ஊசி போடுவது சரி என்று எனக்குத் தெரியும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, எத்தனையோ தடவை படித்துப் பார்த்துவிட்டேன். சரி என்று தெரிந்ததை என் வாயால் சொல்லாமல் நடத்திக்கொள்ள வழி தேடினேன், கிடைத்தது. அப்பா பந்தை அம்மா பக்கம் தட்டினார், அம்மா அப்பா பக்கம் தட்டினாள், நான் மாரியம்மன் மடியில் தட்டிவிட்டேன். தவமணி அண்ணாச்சியாவது தன் பயத்தைச் சத்தமாகச் சொல்கிறார். முட்டாள்தனமாகத்தான் சொல்கிறார், ஆனால் அவர் பெயரில் சொல்கிறார். இந்த வரிசையில் கேவலமான ஆள் யார் என்று எண்ணினால், பின்னாலிருந்து எண்ணினாலும் முன்னாலிருந்து எண்ணினாலும் நான்தான்.

"அடுத்தது யாரு? வாங்கம்மா, வெரசா." மேசை. ஐஸ் பெட்டி, பஞ்சு, நீலப் பிளாஸ்டிக் வாளி. நர்ஸ் தாளை வாங்கிப் பார்க்கிறாள். "நீங்க யாரு பிள்ளைக்கு?" "அக்கா." "பேரு கோபிகா, அப்பா வெள்ளைச்சாமி. சரி. இது என்ன ஏழாவது காலியா இருக்கு?" பேனாவை எடுத்துவிட்டாள், 'இல்லை' என்று எழுதுவதற்காக. எல்லாருக்கும் இல்லை என்றுதான் எழுதியிருப்பாள், தலையை நிமிர்த்தக்கூட இல்லை, "முன்னாடி வலிப்பு கிலிப்பு ஒண்ணுமில்லல்ல?" என்று பதிலையும் தானே சேர்த்துக் கேட்கிறாள். நான் தலையை ஆட்டினால் போதும். தவமணி அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் மூச்சு விடுகிறார், வெற்றிலை வாசம். கோபிகா சுடிதார்க் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சாமியை ஏமாற்ற முடிந்த கைக்கு ஒரு காலிக் கட்டம் பெரிய விஷயமா. இரண்டு பூவும் ஒரே நிறம், இரண்டு பதிலும் ஒரே பதில், என்ன வித்தியாசம். வித்தியாசம் இருக்கிறது. அது அம்மாவின் பயத்தை ஏமாற்றியது, இது இந்த உடம்பை ஏமாற்றுவது. "வந்திருக்கு" என்றேன். நர்ஸ் பேனாவை நிறுத்தவில்லை. மறுபடி சொன்னேன், கொஞ்சம் அதிகமாகவே சத்தமாகப் போய்விட்டது. "வலிப்பு வந்திருக்கு சிஸ்டர். ஒன்றரை வயசுல. ஊசி போட்ட அன்னிக்குக் காய்ச்சல்ல. அப்புறம் வரல." கோபிகா திரும்பி என்னைப் பார்க்கிறாள். "எனக்கா?" பின்னால் அண்ணாச்சி, "அட, இந்தப் பிள்ளைக்கா" என்கிறார், அனுதாபமாக, ஆவலாக. நான் திரும்பினேன். "ஆமா அண்ணாச்சி, இந்தப் பிள்ளைக்குத்தான். தெருவுல சொல்லும்போது காய்ச்சல்ல வந்ததுன்னு சேத்துச் சொல்லுங்க." "நான் எங்கம்மா சொல்லப் போறேன்" என்றார். நர்ஸ் எழுந்து டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் என்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள், கண்ணுக்குக் கீழே கருவளையம். கேட்டாள். எத்தனை நிமிடம், எத்தனை தடவை, இப்போது மாத்திரை ஏதாவது உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது. நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். "சின்னதுல காய்ச்சலுக்கு வர்றதுதான். இதுக்கு அது தடை இல்ல. தாராளமாப் போடலாம். ஆனா படிவத்துல இதை எழுதாமக் கையெழுத்து வாங்கியிருக்கீங்க. அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க. அவங்க சரின்னா நான் எழுதிக்கிறேன்." அடுத்தவர்கள் வரட்டும் என்று நர்ஸ் எங்களை ஓரமாக நிற்கச் சொன்னாள்.

மில்லுக்குள் போன் கூடாது. மேஸ்திரியின் நம்பருக்கு அடித்தேன். அவர் முனகிக்கொண்டே போனார், தறி இரைச்சல் பெரிதாகிப் பெரிதாகி, பிறகு அம்மா. "என்ன, என்னாச்சு? அவளுக்கு என்ன?" மூச்சு வாங்குகிறது, ஓடி வந்திருக்கிறாள். "ஒண்ணும் ஆகல. இன்னும் போடல. அவளுக்கு வலிப்பு வந்ததச் சொல்லிட்டேன். டாக்டர் போடலாங்கிறாங்க, ஒன்னக் கேக்கச் சொன்னாங்க." "அதான் ஆத்தா சொல்லிட்டாளே" என்றாள், சின்னக் குரலில். நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது, நல்ல வழவழப்பான சொல், சொல்லிவிட்டால் இன்றைக்கு எல்லாம் முடிந்தது. "ஆத்தா ஒண்ணும் சொல்லலம்மா. ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதான் வச்சேன். நான்தான்." இரைச்சல். மேஸ்திரி தூரத்தில் ஏதோ கத்துகிறார். ஒரு நூல் அறுந்தால் தறி நிற்கும், போய் முடிச்சுப் போட வேண்டும், அவளுக்கு நேரம் இல்லை. "ஏன்டி?" "போடணும்னு நெனச்சேன். போடுறதுதான் சரி. அத ஒன்ட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு." "பெரியம்மாவ நெனச்சா?" "ஆமா." அதற்குப் பிறகு வந்த குரலை நான் அம்மாவிடம் அதற்கு முன் கேட்டதில்லை. கோபம் இல்லை. நான் ஒரு மணி நேரமாக இந்த வரிசை முழுவதையும் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைக் குரலாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. "தூ. மூணு வருசம் ஒன்னப் படிக்க வச்சு, இதுக்குத்தானா? அன்னிக்குச் சோத்துத் தட்டு முன்னால ஒன்னக் கேட்டேன்லடி. எனக்கென்ன ஆத்தாகிட்டக் கேக்கணும்னு ஆசையா? நீ வாயத் தொறக்கல. தொறந்து சொல்லியிருந்தா நான் பூவத் தேடி ஏன்டி போறேன்?" நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "இப்பச் சொல்லு" என்றாள். "என்னத்தம்மா?" "அந்த டாக்டரம்மா சொன்னத விடு. ஆத்தாள விடு. நீ சொல்லு. போடவா வேண்டாமா?" தாழ்வாரத்தில் வெயில் மூன்றாவது கல்லில் இருந்தது. கோபிகா மடித்த கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போடும்மா" என்றேன். "நான் சொல்றேன்." "சரி, போடச் சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

டாக்டர் ஏழாவது கட்டத்தில் 'ஆம்' என்று எழுதிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதினாள். நர்ஸ் பஞ்சால் துடைத்தாள். ஊசி உள்ளே போய் வெளியே வந்தது, கோபிகா ஒரு கண்ணை மட்டும் மூடினாள். இப்போது நூலக அறையில் உட்கார்ந்திருக்கிறோம், அரை மணி நேரம் உட்கார வேண்டும், சுவரோரமாக பெஞ்சுகள், பெஞ்சு நிறையப் பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு. தவமணி அண்ணாச்சியும் மகளோடு வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறார், ஒன்றும் பேசவில்லை, மகளின் தோளில் ஊசி போட்ட இடத்தை ஊதிவிடுகிறார், சின்னக் குழந்தைக்கு ஊதுவது மாதிரி. "ஏக்கா, எனக்கு வலிப்பு வந்துச்சா? எப்பிடி இருந்துச்சு?" "கண்ணு மேல போச்சு. நான் ஒன் கையப் பிடிச்சிருந்தேன்." "செத்துருவேன்னு நெனச்சியா?" "ஆமா." அவளுக்கு இதில் ஒரு பெருமை வந்துவிட்டது, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்கிறாள். அரை மணி நேரம் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று இங்கே இருக்கும் எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்குத் தெரியும், காய்ச்சல் வந்தால் சாயங்காலத்துக்கு மேல்தான் வரும். மாத்திரை வாங்கி வைக்க வேண்டும். ஈரத்துணி. தெர்மாமீட்டர் மருந்துக்கடையில் கேட்க வேண்டும். இன்றைக்கு நான் அவள் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். ஏதாவது ஆனால் அம்மாவுக்குத் திட்ட நான் இருக்கிறேன். "என்னக்கா என் மூஞ்சியவே பாக்குற?" என்கிறாள் கோபிகா. "எல்லாரும் பாக்குறாங்க." "பாக்கட்டும்" என்றேன்.